கீல்வாதம்: முதிர்ந்த கேமிங் லேப்டாப்பின் திரைக்கோளாறுகள் குறித்து ஓர் ஆய்வு

"டிஸ்ப்ளே வரல" என்ற வாக்கியத்துக்கு உரை எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது. இரண்டே சொல்தான், அதற்குள் அடங்கிய பொருள்களோ ஒன்றோடொன்று ஒட்டாதவை. பவர் பட்டனை அழுத்தினால் விளக்கே எரியாததும் டிஸ்ப்ளே வராததுதான். விளக்கு எரிந்து, ஃபேன் சுற்றி, திரை மட்டும் கறுத்துக் கிடப்பதும் அதுதான். கம்பெனி லோகோ வந்து, விண்டோஸ் வட்டம் சுற்றி, பிறகு இருண்டுபோவதும் அதுவே. படம் இருக்கும், பின்னொளி இருக்காது. டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் உள்ளே ஐகான்கள் மங்கலாகத் தெரியும். அதையும் இந்தப் பெயரால்தான் சொல்கிறோம். பச்சைக் கோடு, வெள்ளைத் துடிப்பு, சதுரம் சதுரமாகச் சிதறும் நிறங்கள் என எல்லாவற்றுக்கும் இதே வாக்கியம். இதற்கு வீட்டார் தரும் சாட்சியமும் எக்காலத்தும் மாறாதது: "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் 2017இல் வாங்கிய, 15.6 அங்குலத் திரை கொண்ட ஒரு கேமிங் லேப்டாப். கேமிங் லேப்டாப்புக்கு இலக்கணம் சொல்வதென்றால், மடியில் வைக்க முடியாத மடிக்கணினி என்று சொல்லி முடித்துவிடலாம். எடை இரண்டரைக் கிலோவை ஒட்டி இருக்கும். சார்ஜர் மட்டுமே ஒரு பைக்கு ஆகும். விசைப்பலகையில் சிவப்பு வெளிச்சம் எரியும். அதை அணைக்கும் விசை எதுவென்று வீட்டில் ஒருவருக்கும் நினைவிருக்காது. தமிழ் வீடுகளில் இதற்கு இன்னோர் அடையாளமும் உண்டு. கேம் ஆடுவதற்காக இது ஒருபோதும் வாங்கப்படுவதில்லை. "காலேஜ் ப்ராஜெக்டுக்கு வேணும்ப்பா, சாதா லேப்டாப்ல அந்த சாஃப்ட்வேர் ஓடாது" என்ற விண்ணப்பத்தின் பேரில் வாங்கப்படும். நம் ஆய்வுப்பொருளும் இந்த நெறி பிறழாமல்தான் என் அக்கா மகனுக்கு வந்து சேர்ந்தது. ப்ராஜெக்ட் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது பகலில் கட்டுரை எழுத எனக்கும், இரவில் மற்றதற்கு அவனுக்கும் என்று பாத்தியதை பிரிந்திருக்கிறது.

'முதிர்ந்த' என்ற அடைமொழியை ஆண்டுக்கணக்கால் அளப்பது சரியல்ல. கேம்கள் கேட்கும் வன்பொருள் பட்டியலைக் கொண்டு அளப்பதே முறை. 2016 ஆகஸ்டில் லேப்டாப்புகளுக்கு வந்த ஜிடிஎக்ஸ் 1060 என்ற கிராபிக்ஸ் சிப் முதலில் 'பரிந்துரை' என்ற வரியில் வீற்றிருந்தது. பிறகு 'குறைந்தபட்சம்' என்ற வரிக்கு இறங்கியது. அதன்பின் பட்டியலிலேயே காணவில்லை. 2025 அக்டோபரோடு அந்தத் தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா நிறுத்திக்கொண்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். பணி ஓய்வு ஆகிவிட்டது, பென்ஷன் உண்டு.

படம் வரும் வழி

கோளாறு எங்கே என்று கேட்பதற்கு முன், படம் எந்த வழியாக வந்து கண்ணில் விழுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நம் தெருவில் இதை யாரும் கேட்பதில்லை. நேராகத் தீர்ப்புக்குப் போய்விடுகிறார்கள்.

படத்தை வரைவது கிராபிக்ஸ் சிப். ஆனால் வரைந்தவர் கையால் அது திரைக்குப் போவதில்லை. 2010இல் என்விடியா கொண்டுவந்த ஆப்டிமஸ் ஏற்பாட்டின்படி, வரைந்த படம் ப்ராசஸருக்குள் இருக்கும் சிறிய இன்டெல் கிராபிக்ஸின் நினைவகத்துக்குப் பிரதி எடுத்து அனுப்பப்படும். திரையோடு பேசும் உரிமை அந்தச் சிறியவருக்கே உண்டு. அங்கிருந்து இடிபி என்ற வழியாகப் படம் புறப்படுகிறது. 2008 இறுதியில் வெசா அமைப்பு வகுத்த தரம் அது. அதற்குமுன் எல்விடிஎஸ் என்ற பழைய முறை இருந்தது.

இந்த வழியில் ஓடும் போக்குவரத்தைச் சற்றுக் கணக்கிடலாம். திரையில் 1920க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட். வினாடிக்கு 60 முறை திரையை மாற்றி எழுதினால் ஏறக்குறைய 299 கோடி பிட். நம் ஆய்வுப்பொருள் ப்ராஜெக்டுக்காக வாங்கப்பட்டது என்பதால் அதில் 120 ஹெர்ட்ஸ் திரை போட்டிருக்கிறார்கள். ஆகவே 597 கோடி. 60க்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும். 120க்கு நான்கு ஜோடி வேண்டும். அதனால் அறுபதின் கேபிள் முனையில் பெரும்பாலும் 30 முள், நூற்றிருபதில் 40 முள். இந்த 30, 40 வேறுபாட்டை வாசகர் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். இதனால் பின்னால் பணம் செலவாகப் போகிறது.

கேபிள் போய்ச் சேரும் இடம் பேனல். அங்கே ஒரு சிறிய பலகை சமிக்ஞையைப் பிரித்து வரிசை வரிசையாக ஏவுகிறது. பின்னொளிக்கு முன்னால் இரண்டு துருவ வடிகட்டிகள். நடுவில் திரவப் படிகம். இந்தத் திரவப் படிகத்தின் வரலாறு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. 1888இல் பிராக் நகரில் ஃபிரெட்ரிக் ரெய்னிட்சர் என்ற தாவரவியலாளர் கொலஸ்டெரில் பென்சோயேட் என்ற பொருளைச் சூடாக்கிப் பார்த்தார். 145.5 டிகிரியில் உருகிக் கலங்கல் நீராக நின்றது. 178.5 டிகிரியில் மறுபடி ஒருமுறை உருகுவதுபோலத் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலை எப்படி? அவருக்குப் பிடிபடவில்லை. ஓட்டோ லேமன் என்ற இயற்பியலாளருக்கு எழுதிக் கேட்டார். ஆக, இந்தத் துறையே 'இது ஏன் சார் இப்படி ஆவுது' என்று ஒருவர் விவரம் தெரிந்த இன்னொருவரைக் கேட்டதில்தான் தொடங்கியிருக்கிறது.

இதில் நம் பக்கத்துப் பங்கும் உண்டு. 1977இல் பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகரும் உடனிருந்தவர்களும் தட்டு வடிவ மூலக்கூறுகளாலும் திரவப் படிகம் உருவாகும் என்று கண்டார்கள். அவ்வகைப் பொருளைப் பூசிய மென்படலம் பின்னாளில் பல திரைகளில், பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் படம் வெளிறாமல் இருக்கப் பயன்பட்டது. நோபல் பரிசு வாங்கிய வானியல் சந்திரசேகர் வேறு, இவர் வேறு. அவர் சி. வி. ராமனின் அண்ணன் மகன்; இவர் சகோதரி மகன். சகோதரி மகன்களுக்கும் திரைகளுக்கும் உள்ள தொடர்பு தனி ஆய்வுக்குரியது.

சிப்புக்கும் பேனலுக்கும் நடுவே அந்தக் கேபிள் கடந்துவரும் ஓர் இடத்தைப் பற்றி நான் இன்னும் பேசவில்லை. வேண்டுமென்றுதான் பேசவில்லை.

பரபக்கம்

சிவஞான சித்தியாரில் முதலில் பிறர் மதங்களை எடுத்துரைத்து மறுப்பது பரபக்கம். பிறகு தன் மதத்தை நிறுவுவது சுபக்கம். நூலாசிரியர் அருள்நந்தி சிவாச்சாரியார் உலகாயதரில் தொடங்குகிறார். நாம் டிரைவர்வாதியில் தொடங்குவோம்.

டிரைவர்வாதத்தின் தலைவன் என் அக்கா மகன். "டிரைவர் இஷ்யூ மாமா, அவ்ளோதான்" என்பது இந்த மதத்தின் மூல மந்திரம். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்தினால் கணினி 'பீப்' என்று ஒலித்துத் திரையை ஒருமுறை இமைத்துக் கிராபிக்ஸ் டிரைவரைப் புதிதாகத் தொடங்கும். இது எளிய வழிபாடு. பயன் தராவிட்டால் சேஃப் மோடில் புகுந்து, பழைய டிரைவரைத் தடயமின்றித் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது பெரிய வழிபாடு. இந்த மதத்துக்குச் சாத்திர ஆதாரமும் இருக்கிறது. விஸ்டா காலம் முதல், கிராபிக்ஸ் சிப் 2 வினாடி பதில் சொல்லாமல் இருந்தால் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பிவிட்டு, டிஸ்ப்ளே டிரைவர் நின்றுபோய் மீண்டு வந்தது என்று மூலையில் ஓர் அறிவிப்பும் காட்டிவந்தது. அந்த அறிவிப்பைக் கண்ணால் கண்டவர்கள் பிறகு வேறெதையும் நம்புவதில்லை.

மறுப்பு. பச்சைக் கோடு கம்பெனி லோகோவின் மேலேயே ஓடுகிறது. அந்த நேரத்தில் விண்டோஸ் இன்னும் எழவில்லை. டிரைவர் பிறக்கவே இல்லை. காரணம் பிறப்பதற்கு முன்பே காரியம் பிறக்கும் என்று எந்த மதமும் சொன்னதில்லை.

இன்னும் கூர்மையான கருவி ஸ்கிரீன்ஷாட். அதன் அருமை எங்கள் வீட்டில் தற்செயலாகத்தான் வெளிப்பட்டது. கோட்டை நிரூபிக்க அக்கா மகன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நண்பன், "எங்கடா கோடு?" என்றான். இவன் அதே ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்து கோட்டைச் சுட்டிக்காட்டினான். காட்டியது இவன் திரையில் இருந்த கோட்டை. ஒரு மணி நேரம் போல நட்பு கசந்தது. ஸ்கிரீன்ஷாட் என்பது நினைவகத்தில் இருக்கும் படத்தின் நகல். அது கேபிளையும் பேனலையும் பார்த்தே அறியாத சாட்சி. அதில் கோடு இருந்தால் குற்றம் சிப்பிலோ டிரைவரிலோ. அதில் இல்லாமல், போனால் எடுத்த புகைப்படத்தில் மட்டும் இருந்தால் குற்றம் அதற்கு அப்பால். இவ்வளவு மலிவான, இவ்வளவு தெளிவான பிரமாணம் வேறு எந்தச் சாத்திரத்திலும் இல்லை.

அடுத்தது வெப்பவாதம். கீழ்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் இதன் ஆசாரியர். "காத்து எங்க சார் போவுது? மூச்சு முட்டுது அதுக்கு" என்று சொல்லிக்கொண்டே திருப்புளியோடு வந்தார். அடிமூடியைக் கழற்றினால், ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளிபோல் நெய்யப்பட்டிருந்தது. சிப்பின் மேல் இருந்த பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. புதிது தடவி மூடினார். சிப்பின் சூடு குறைந்தது. ஃபேனின் ஓலமும் அடங்கியது. திரையும் சரியானது. அன்றைக்கு அவர் காபி குடித்த விதத்தில் ஒரு மடாதிபதியின் சாயல் இருந்தது.

வெப்பவாதத்தை முழுப்பொய் என்று தள்ள முடியாது. ஆட்டத்தின் நடுவே திரை இருண்டு, ஃபேன் உச்சத்தில் அலறினால் அது சூடுதான். ஆனால் நம் கோளாறு மார்கழிக் காலையில், கணினி சில்லென்றிருக்கும்போது, மின்னஞ்சல் திறக்கையில் வருகிறது. சூடே இல்லாத இடத்தில் சூட்டின் விளைவு எப்படி? ஆசாரியரைக் கேட்டேன். "உள்சூடு சார்" என்றார்.

மூன்றாவது, சிப்புவாதம். இதற்கு மட்டும் சற்று நின்று மரியாதை செலுத்த வேண்டும். கேமிங் லேப்டாப் உரிமையாளர்கள் மனதார விரும்பும் நோய் இது. "ஜிபியு போயிடுச்சு" என்று சொல்லும்போது குரல் தாழ்கிறது. கேட்பவர்கள் ஒரு கணம் பேசாமல் இருக்கிறார்கள். இரவிரவாகப் போர்க்களங்களில் இயங்கி எரிந்துபோன சிப்பு என்றால் உரிமையாளரும் ஏதோ சாதித்தவர் ஆகிறார். "ஒயர் லூஸ்" என்று சொன்னால் இந்த மரியாதையில் காலணா கிடைக்காது.

இந்த மதத்துக்கு வரலாற்று ஆதாரம் வலுவானது. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பாவில் மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்தது; ஈயமில்லாப் பற்றாசுக்கு உலகம் மாறியது. 2008 ஜூலையில் என்விடியா, தன் சில லேப்டாப் சிப்புகளில் உறைப்பொருள் பலவீனத்தால் வரும் பழுதுகளுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. இரண்டு செய்திகளும் சனங்களின் மனத்தில் ஒன்றாகக் கலந்து, 'சால்டர் விட்டுப்போச்சு, சூடு பண்ணா ஒட்டிக்கும்' என்ற நம்பிக்கை பிறந்தது. சமையலறை அவனில் மதர்போர்டை வைத்துச் சுடும் சடங்கு மேலைநாடுகளில் பரவியது. நம் ஊரில் அவன் குறைவு. அதனால் ஹாட் ஏர் கன் வைத்து ஊதும் முறை நிலைத்தது. சுட்டதும் பல பலகைகள் உயிர்த்தெழுந்தன, சில வாரங்கள் வாழ்ந்தன, மறுபடி இறந்தன. காரணம், அந்த சிப்புகளில் விரிசல் விட்டது பலகையோடு சிப்பைப் பிணைக்கும் வெளிப்பந்துகளில் அல்ல. உறைக்குள்ளே, சிலிக்கானைத் தாங்கும் நுண்ணிய முடிச்சுகளில். ரீபால் செய்து வெளிப்பந்துகளை மாற்றுவது உள்ளே இருக்கும் நோயைத் தொடவே தொடாது. சூடு தற்காலிகமாக அழுத்திப் பொருத்திவிடும், அவ்வளவுதான்.

சிப்புவாதத்தை மறுக்க ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிளும் வீட்டு டிவியும் போதும். சிப்பு கெட்டிருந்தால் நிறச் சதுரங்கள் டிவியிலும் சிதறும். நம் ஆய்வுப்பொருளை மாட்டியபோது டிவியில் படம் குற்றமற்று வந்தது. அதைப் பார்த்த அக்கா மகனின் முகத்தில் நிம்மதி வந்திருக்க வேண்டும். ஏமாற்றம்தான் வந்தது.

பேனல்வாதம் சிப்புவாதத்தைவிட அடக்கமானது. நம் மதத்துக்கு உண்மையான எதிரியும் இதுதான். பேனலின் ஓரத்தில், கண்ணாடியோடு சுற்றுப்பட்டைகளைப் பிணைக்கும் கடத்திப் பசை காலப்போக்கில் விட்டுக்கொடுக்கும். அப்படி விட்டால் மேலிருந்து கீழாக ஒற்றைக் கோடு, எப்போதும் ஒரே இடத்தில், எந்தக் கோணத்திலும் மாறாமல் நிற்கும். சட்டத்தின் ஓரத்தை விரலால் அழுத்தினால் மறையும், விட்டால் வரும். இந்த அடையாளங்கள் இருந்தால் பேனலை மாற்றியே ஆக வேண்டும். அங்கே நான் விவாதம் செய்ய மாட்டேன். நம் கோடு ஒரு நாள் இடப்பக்கம், மறுநாள் வலப்பக்கம், சில நாள் கூட்டமாக, சில நாள் இல்லவே இல்லை. குடியிருப்பு நிலையில்லாதவரைப் பேனல்வாதத்தில் சேர்க்க இயலாது.

காந்தவாதம் என்று ஒரு கிளையும் இருக்கிறது. மூடியைச் சாத்தினால் திரை தானே அணைய ஒரு காந்தமும் அதை உணரும் ஓர் உணரியும் வைத்திருக்கிறார்கள். காந்தப் பூட்டுள்ள போன் உறையைக் கை வைக்கும் இடத்தில் வைத்தால் கணினி தன்னை மூடிவிட்டதாக நினைத்துத் திரையை அணைத்துக்கொள்ளும். போனை எடுத்தால் தீர்ந்தது. இந்த மதத்தைப் பின்பற்றுவோர் சிலரே. அவர்களிடம் யாரும் பணம் வாங்க முடியாது என்பதால் மதம் வளரவில்லை.

கடைசியாக ஊழ்வாதம். ஷோரூம்களில் குளிரூட்டிய அறையில் போதிக்கப்படுவது. "எட்டு வருஷம் ஆயிடுச்சா சார்? அப்ப புதுசுதான் பார்க்கணும். எக்ஸ்சேஞ்ச் இருக்கு." இந்த வாதத்தை மறுக்க முடியாது. எந்தப் பொருளைப் பற்றியும், எந்த மனிதரைப் பற்றியும் இது உண்மை.

சுபக்கம்

மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அளவை நெறியை விளக்குகையில் ஏதுப்போலிகளையும் வகைப்படுத்துகிறார். காரணம்போல் தோன்றிக் காரணம் அல்லாதது ஏதுப்போலி. மேலே கண்ட மதங்கள் எல்லாம் தத்தம் அற்புதங்களைச் சொல்லித்தான் வளர்ந்தன. டிரைவரை மாற்றினோம், சரியாயிற்று. தூசி தட்டினோம், சரியாயிற்று. கடைக்குக் கொண்டுபோனோம், அங்கே நன்றாக ஓடுகிறது; கடைக்காரர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இந்த அற்புதங்கள் பொய்யல்ல. ஆனால் ஒன்றுக்கொன்று முரணான மதங்கள் எல்லாம் எப்படிச் சரியாக இருக்க முடியும்?

அற்புதம் நடந்த நேரத்தில் அந்த அறையில் வேறென்ன நடந்தது என்று விசாரித்தேன். டிரைவர் ஏற்றுவதற்கு இணையம் வேண்டும். அக்கா மகனின் கட்டிலில் வைஃபை கிடைக்காது. லேப்டாப்பை மூடி, ஹாலுக்குத் தூக்கிவந்து, மேசையில் வைத்துத் திறந்தான். அடிமூடியைக் கழற்ற வேண்டுமென்றால் லேப்டாப்பை மூடிக் கவிழ்க்க வேண்டும். பேஸ்ட் தடவியதும் நிமிர்த்தித் திறக்க வேண்டும். கடைக்குப் போக மூடிப் பையில் போட வேண்டும். மேசையில் திறந்து காட்ட வேண்டும். உலகில் உள்ள எல்லா லேப்டாப் வைத்தியங்களுக்குள்ளும் ஒரு பொதுவான சடங்கு ஒளிந்திருக்கிறது: மூடித் திறத்தல். பயன் தந்தது மந்திரமல்ல, அந்தச் சடங்கு. நிபுணர் முன்னால் கோளாறு மறைந்துவிடுகிறது என்று உலகமே வியக்கிறதே, அதற்கும் விளக்கம் இதுதான்.

ஆகவே எங்கள் மதம் கீல்வாதம். சிப்புக்கும் பேனலுக்கும் நடுவே கேபிள் கடந்துவரும் அந்த இடம் கீல். கடைக்காரர்கள் ஹிஞ்ச் என்பார்கள். 597 கோடி பிட்டும் ஒவ்வொரு வினாடியும் அந்த மூலையைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. மெல்லிய கம்பிகளைக் கற்றையாக்கி, கறுப்புத் துணிப்பட்டை சுற்றி, கீலின் ஓரத்தில் வளைத்துவிட்டிருக்கிறார்கள். மூடியைத் திறக்கும்போதெல்லாம் அது முறுகுகிறது, மூடும்போதெல்லாம் நெளிகிறது. கேமிங் லேப்டாப்புக்கு இதில் ஒரு தனிச் சிறப்புண்டு: சுடுகாற்றை வெளியே தள்ளும் துவாரங்கள் பின்புறம், பல வடிவமைப்புகளில் கீலுக்கு நேர் கீழேயே இருக்கும். கீழ்வீட்டு ஆசாரியர் சொன்ன உள்சூடு உண்மையிலேயே இருக்கிறது. அவர் சொன்ன இடத்தில் இல்லை.

நிரூபணத்துக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். மற்ற எதையும் மாற்றாமல் கோணத்தை மட்டும் மாற்ற வேண்டும். டிரைவர் அதே, சூடு அதே, சிப்பு அதே, பேனல் அதே. மூடியை மெதுவாகப் பின்னால் சாய்த்தேன். நிமிர்ந்த நிலையில் படம் தெளிவு. இன்னும் சாய்த்தால் துடிப்பு. அதற்கும் அப்பால் பச்சைக் கோடுகள். முழுவதும் சாய்த்தால் இருள். திருப்பிக் கொண்டுவந்தால் அதே வரிசை பின்னோக்கி. அன்று முதல் திரைக்குப் பின்னால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் ஒரு தொகுதி நிற்கிறது. நிமிர்ந்த நிலைக்கு மேல் சாயாமல் அது தாங்குகிறது. அதில் சொல் பார்க்க வேண்டி வந்தால் மட்டும் திரை இருண்டுவிடும்.

கீலே கெட்டுப்போவது எப்படி என்றும் சொல்ல வேண்டும். காலப்போக்கில் அதன் உராய்வு இறுகும். அது பொருந்தியிருப்பது பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளை மரைகளில். திறப்பவர் ஒரு கையால், ஒரு மூலையைப் பிடித்து வெடுக்கென்று தூக்கினால் இறுகிய கீல் அசையாது. பித்தளைதான் பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வரும். மூலையில் உறை வாயைப் பிளக்கும். பிளந்த வாய் கேபிளைக் கடிக்கும். எங்கள் வீட்டில் லேப்டாப்பை ஒரு கையால் திறப்பவர்கள் யார் யார் என்று கணக்கெடுத்தேன். இன்னொரு கையில் டீ தம்ளர் இருந்தது என்பது அனைவரும் ஒப்புக்கொண்ட செய்தி.

கள ஆய்வுக்காக அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனேன். அதன் கிளையான நரசிங்கபுரம் தெருவில், மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை. கடைக்காரர் இளைஞர், கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். நான் ஸ்கிரீன்ஷாட் பிரமாணம், ஹெச்டிஎம்ஐ பிரமாணம், 2008 அறிவிப்பு என்று வரிசையாக விளக்கத் தொடங்கினேன்.

"எந்த ஆங்கிள்ல சார் போவுது?" என்றார் நிமிராமலே.

அந்த ஒரு கேள்வியில் என் ஆய்வு முழுதும் அடங்கிப்போயிற்று. நகத்தால் சட்டத்தை நெம்பிக் கழற்றினார். கேபிளை உருவிப் பார்த்தார். வளைவில் கறுப்புத் துணி தேய்ந்து உள்ளே செம்பு மின்னியது.

"தம்பி, இதுல கேம் நிறைய ஓடியிருக்கு. அதனால..." என்று அக்கா மகனின் கௌரவத்துக்காக ஒரு கடைசி முயற்சி செய்தேன்.

"கேமுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார். அட்டை டப்பால போட்டு மூடித் தொறந்தாலும் இதேதான் ஆவும்."

என்னோடு மணிக்கணக்கில் பேருந்தில் வந்த அக்கா மகன் இதைக் கேட்டு வெளியே போய் நின்றுகொண்டான்.

புதிய கேபிள் இந்தத் தெருவில் இல்லை. பழைய மாடலுக்கு யாரும் வைத்துக்கொள்வதில்லை. கேபிளின் மேலேயே ஒட்டியிருக்கும் பகுதி எண்ணைப் பார்த்து இணையத்தில் வரவழைக்க வேண்டும். எங்கள் கேபிளில் அந்த எண் இருந்த துண்டுத்தாள் சரியாக வளைவில் ஒட்டியிருந்ததால் பாதி தேய்ந்துபோயிருந்தது. மாடல் பெயரை வைத்து ஆர்டர் செய்தோம். சீனாவிலிருந்து வந்தது 30 முள். அதே பெயரில் 60 ஹெர்ட்ஸ் திரையோடும் ஒரு லேப்டாப் விற்றிருக்கிறார்கள், அதற்குரியது. பேனலில் இருப்பதோ 40. திருப்பி அனுப்பும் செலவு கேபிள் விலையைத் தாண்டியதால் அது இப்போது ஆய்வின் பின்னிணைப்பாக என் மேசை டிராயரில் இருக்கிறது.

இரண்டாவது ஆர்டர் வரும்வரை, பழையதையே மஞ்சள் நிற வெப்பத்தாங்கு டேப் சுற்றி, கீலைச் சற்றுத் தளர்த்தி, பிளந்த மூலையில் பசை வைத்து ஒட்டிக் கொடுத்தார் கடைக்காரர். மெத்தப் படித்த மருத்துவர்கள் மருந்துச்சீட்டில் கடைசியாக எழுதுவதை அவர் வாயால் சொன்னார்: "ரெண்டு கையால, நடுவுல புடிச்சுத் தொறங்க. மூலையத் தூக்காதீங்க."

இதை அப்படியே தாளில் எழுதி மூடியின் மேல் ஒட்டினேன். அக்கா மகன் படித்துப் பார்த்தான். தொடும்போதெல்லாம் தேய்கிறது என்றால் தொடாமலிருப்பதே உத்தமம் என்று அவன் ஒரு கிளைத்தேற்றம் கண்டான். அன்று முதல் லேப்டாப்பை மூடுவதே இல்லை. இரவும் பகலும் ஜன்னலோரத்தில் அகலத் திறந்தபடி, விசைப்பலகை தெருவைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. கீழ்வீட்டு ஆசாரியர் நேற்று வந்து, விசைகளின் மேல் விரலை ஓட்டி, நுனியில் ஒட்டியதை என்னிடம் காட்டினார். திருப்புளி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.